வாசலைப் பார்த்த கதிரை

லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு சீனக் குடும்பத்தின் விருந்துக்கு நான் போனது ஒரே ஒரு தடவைதான். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டையும், தெரியாத என்னை அவர்கள் நடத்திய விதத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அதற்கு முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்கள் இருக்கும் வார்டில் வேலை செய்கிறேன். பக்கவாதத்தில் கையும் காலும் விழுந்துபோவது எல்லோருக்கும் தெரியும். பலருக்கு விழுங்கும் சக்தியும் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வாய்த் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அவர்கள் திரும்பவும் விழுங்கப் பழகுவதற்குச் சிகிச்சையாளர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுப்பார். அந்தத் திட்டப்படி பக்கத்தில் இருந்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்து, ஒவ்வொரு வாயும் இறங்கிவிட்டதா என்று பார்ப்பது உதவியாளரின் வேலை. நான் அந்த உதவியாளர்.

ஐம்பத்தொரு வயதில்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன் அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவர்கள் நாங்கள். என் ஆங்கிலத்தில் யாழ்ப்பாணமும் கலந்திருக்கும், ஜெர்மனியும் கலந்திருக்கும். நோயாளிகளின் உறவினர்கள் சிலர் நான் இரண்டு வசனம் பேசியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பயத்தில் இருப்பவர்கள். ஆனால் ஒரே மாதத்தில் நாலைந்து தடவை அப்படிக் கேட்டபிறகு, பழைய வேலைக்கே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மேலாளரிடம் அதை எப்படிச் சொல்வது என்று வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

அந்தக் கிழமைதான் பெரியவர் வந்தார்.

ஹொங்கொங்கில் பிறந்து, இருபது வயதில் லண்டனுக்கு வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறைகளில் நின்றவர். வலது கையும் வலது காலும் விழுந்திருந்தன. பேச்சில் ஐந்தாறு சொற்கள் மிஞ்சியிருந்தன. வெறும் தண்ணீர் கொடுக்க ஏலாது என்பதால் அதில் ஒரு பவுடரைக் கலந்து தடிப்பாக்கிக் கொடுப்போம். அவர் வாயைத் திறக்கவே மாட்டார். தாதிமார் முயன்றார்கள், சிகிச்சையாளர் முயன்றார், மகளும் முயன்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார்.

மூன்றாம் நாள் என்னை அனுப்பினார்கள். கோப்பையில் அந்தத் தடித்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்னொரு கோப்பையில் எனக்கும் அதையே கலந்தேன். அவருடைய இடது பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர் பார்க்க ஒரு கரண்டி எடுத்து விழுங்கினேன். காய்ச்சிய பசையை ஆறவிட்டுக் குடிப்பது போல இருந்தது. என் முகம் கோணியிருக்க வேண்டும். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் போலவே முகத்தைக் கோணிக் காட்டினார். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. நான் அவருடைய கரண்டியை நீட்டினேன். வாயைத் திறந்தார்.

அதன்பிறகு ஆறு கிழமை. தினமும் மத்தியானம் நாற்பது நிமிடம். நாடி நெஞ்சில் படும்படி தலையைக் குனிய வைத்து, ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்க வைத்து, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிச் சொல்லியே அந்த நாற்பது நிமிடமும் போகும். ஒருநாள் மகளிடம், மெதுவாகச் சாப்பிடுங்கள் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். மகள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை; அப்பாவுக்காக வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டவர். 'மான் மான் சிக்' என்று சொல்லித் தந்தார். அடுத்த நாள் நான் அதைச் சொன்னதும் பெரியவருக்குச் சிரிப்பு வந்து, சாப்பாட்டை நிறுத்தி அவர் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏன் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

மசித்த உணவிலிருந்து பொடியாக வெட்டிய மென்மையான உணவுவரை வந்தபிறகு வீட்டுக்குப் போனார். போகும்போது இடது கையால் என் கையைப் பிடித்து ஆட்டினார். நான் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. மேலாளரிடம் சொல்ல வைத்திருந்த வசனங்களும் மறந்துபோயின.

எட்டு மாதம் கழித்து வார்டுக்கு ஒரு சிவப்பு அழைப்பிதழ் வந்தது. பெரியவருக்கு எண்பது வயது. சைனாடவுனில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. என்னையும் என் கணவரையும் அழைத்திருந்தார்கள். மேலாளரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அவர் இப்ப எங்கட நோயாளி இல்லைத்தானே. போயிட்டு வாங்கோ. வந்து, விருந்து பரிசு வாங்கினா எழுதுற புத்தகத்தில ஒரு வரி எழுதிவிடுங்கோ," என்றார். இவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது எங்கள் தமிழாகவே நிற்பதால் அப்படியே எழுதுகிறேன்.

போவதென்று முடிவானதும் பயம் பிடித்தது. இணையத்தில் தேடினேன். சீன விருந்துக்குப் போகும் வெளியாருக்கு என்றே எத்தனையோ வீடியோக்கள் இருந்தன. மூன்று இரவு உட்கார்ந்து பார்த்து, மின்சார பில் வந்த கடித உறையின் பின்பக்கத்தில் பன்னிரண்டு விதிகளை எழுதினேன். சோற்றில் குச்சிகளை நிமிர்த்திக் குத்தக்கூடாது, அது இறந்தவர்களுக்கு ஊதுபத்தி வைப்பதுபோல. முழு மீன் வந்தால் அதைப் புரட்டக்கூடாது. யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். பெரியவர்களோடு கோப்பையை முட்டும்போது நம்முடையது தாழ்ந்திருக்க வேண்டும். வெள்ளை உடுத்திக்கொண்டு போகக்கூடாது. எடுத்து வைத்திருந்த பாலாடை நிறப் பட்டுச் சேலையை அலுமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டு, குங்குமச் சிவப்பை வெளியே எடுத்தேன்.

ரெயிலில் போகும்போது விதிகளைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மினிகாப் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பது.

"பன்னிரண்டு சட்டமோ? பாஸ்போட் எடுக்கச் சோதினை எழுதேக்கையும் நான் இவ்வளவு படிக்கேல்லையப்பா."

"கேளுங்கோ. சாப்பிட்டு முடிச்சு ஏப்பம் விட்டா சமைச்ச ஆளுக்கு மரியாதையாம்."

"அது ஒண்டு எனக்கு ஏலும்," என்றார். மடியில் ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய மாம்பழப் பெட்டி இருந்தது. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்பது ஏழாவது விதி. அது எங்கள் வழக்கமும்தான் என்பதால் அவர் அதை மறுக்கவில்லை.

விருந்து மாடியில் ஒரு பெரிய கூடத்தில். வாசலால் உள்ளே போனதும் ஐந்து வட்ட மேசைகள் தெரிந்தன. ஊரில் பழகிய புத்தி, நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்குப் பக்கத்து மேசையில், ஒதுக்குப்புறமாக இருந்த இரண்டு கதிரைகளைப் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் என்று நினைப்பு. மகள் எங்களைக் கண்டு ஓடி வந்தார்.

"ஐயோ, நீங்கள் இஞ்ச இருக்கக் கூடாது. முன்னுக்கு வாங்கோ."

"பரவாயில்லை, இது எங்களுக்குப் போதும்."

"இது பில் கட்டுற ஆக்கள் இருக்கிற இடம். எழும்புங்கோ."

அப்போதும் நான் எழும்பவில்லை. ஒருமுறை சொன்னதும் எழும்பினால் ஆசைப்பட்டவள் மாதிரி ஆகிவிடுமே. இரண்டாம் முறையும் மறுத்தேன். மூன்றாம் முறை அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகுதான் சொன்னார், அவர்கள் வீட்டிலும் மூன்றாம் தடவை அழைத்தபிறகே எழும்புவார்களாம். நான் அதையும் வீடியோவில் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். அந்த விதி என் கடித உறையில் இருக்கவில்லை.

நடு மேசையில், வாசலை நேரே பார்த்தபடி பெரியவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டுக்கு மேல் ஒரு சிவப்பு ரோஜா. என்னைக் கண்டதும் தன் இடது பக்கத்துக் கதிரையைத் தட்டினார். ஆறு கிழமை நான் உட்கார்ந்த பக்கம் அதுதான். வாசலைப் பார்க்கும் இடம் வீட்டின் மூத்தவருக்கும், அன்றைய முதல் விருந்தாளிக்கும் உரியது என்று எனக்குத் தெரியும், நாலாவது விதி. தெரிந்ததால் கால் இன்னும் கூசியது. மான்செஸ்டரிலிருந்து வந்திருந்த மகன், ஒரு மாமி, இன்னும் சில உறவினர்கள் என்று மேசையைச் சுற்றி எல்லோரும் எழும்பி நின்றார்கள். நான் உட்கார்ந்தபிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டில் முதல் உணவு வந்தது. மெல்லிதாகச் சீவிய இறைச்சி, ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய், ஏதோ கடல் உணவு. மாட்டிறைச்சி ஒன்றிலும் இல்லை என்று மகள் மெதுவாகச் சொன்னார். நான் கேட்டதே இல்லை. அவராகவே விசாரித்து விலக்கியிருந்தார். யாரோ தட்டைச் சுழற்ற, அது சரியாக என் முன்னால் வந்து நின்றது.

ஒருவரும் குச்சியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. பெரியவர் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். மேசையில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. பக்கத்து மேசைகளில் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவர் எனக்கு மட்டும் விளங்கும்படி, "என்னப்பா, தேவாரம் பாடுவினமோ?" என்று கேட்டார்.

மகள் குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "நீங்கள் தொடங்கினாத்தான் எல்லாரும் சாப்பிடுவினம்."

"அங்கிள் இருக்கேக்கை நான் எப்பிடி?"

"அப்பாதான் சொன்னவர், நீங்கள்தான் முதலாம் ஆள் எண்டு."

பெரியவர் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். இடது கையின் ஒற்றை விரலைத் தூக்கித் தன் வாயைக் காட்டினார், பிறகு என் வாயைக் காட்டினார். வார்டில் நான் முதலில் சாப்பிட்டுக் காட்டிய நாளைச் சொல்கிறார் என்று விளங்கிவிட்டது. ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்தேன். என் குச்சிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. எப்படியோ வாய்க்குள் போனது. உடனே மேசை முழுதும் பேச்சும் சத்தமும் திரும்பி வந்துவிட்டன. "மான் மான் சிக்," என்று மாமி என்னைப் பார்த்துச் சொன்னார். மகனும் சொன்னார். ஆறுதலாக, ரசித்துச் சாப்பிடுங்கள் என்று விருந்தாளியை உபசரிக்கிற வார்த்தை அது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தடித்த தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டு அதைச் சொன்னால் ஒரு சமையல்காரருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

வாத்து வந்தபோது பெரியவர் பொதுக் குச்சிகளை எடுத்தார். பாத்திரத்திலிருந்து எல்லோரும் பரிமாற அவை தனியாக இருக்கும். வாழ்நாளெல்லாம் வலது கையால் பிடித்தவர், இப்போது இடது கையால். ஒரு துண்டைத் தூக்கினார். பாதி வழியில் மேசை விரிப்பில் விழுந்தது. திரும்பவும் எடுத்தார், அதுவும் விழுந்தது. அந்த மேசையில் இருந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மகன் தேநீர்க் கெண்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், மாமி தன் காதணியைச் சரிசெய்தார், மகள் என் கணவரிடம் வீதி நெரிசலைப் பற்றிக் கேட்டார். யாரும் உதவிக்குக் கை நீட்டவில்லை. இந்தப் பார்க்காமல் இருக்கும் பழக்கத்தை எனக்கு வேலையில் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். இவர்களுக்கு அது தானாக வந்தது. மூன்றாவது துண்டு என் கிண்ணத்தில் வந்து சேர்ந்தது.

இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் எங்களுக்கு ஆகாத காரியம். சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த நினைவே வரவில்லை. பின்னர் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வந்தது.

என் கணவருக்கு வேறு சிக்கல். பிறர் வீட்டில் தட்டில் போட்டதை மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர். அவர்கள் வழக்கத்தில் விருந்தாளியின் கிண்ணம் வெறுமையாக இருப்பது வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவு. இவர் முடிக்க முடிக்க மாமி போட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது உணவு வந்தபோது இவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் மிச்சம் விடுங்கோ. அப்பதான் நிப்பாட்டுவா. பத்தாவது சட்டம்."

"அதை இப்பவோ சொல்லுறீர்?"

"ரெயில்ல வாசிச்சனான். நீங்கள் ஏப்பத்தோட நிண்டிட்டியள்."

ஏப்பம் யாரும் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீடியோக்காரர் எந்த ஊர் விருந்தில் சாப்பிட்டாரோ தெரியாது.

கடைசிக்கு முந்தைய உணவாக நூடில்ஸ் வந்தது. பிறந்தநாளுக்கு அது கட்டாயம். ஒவ்வொரு இழையும் முழ நீளத்துக்கு மேல் இருக்கும். நீளம்தான் ஆயுள். ஆகவே வெட்டக்கூடாது, பல்லால் கடித்துத் துண்டாக்கவும் கூடாது. பெரியவருக்கு அன்று முழுவதும் தனியாக மென்மையான உணவு வந்துகொண்டிருந்தது: ஆவியில் அவித்த முட்டைக்கூழ், டோஃபு, குழைந்த கஞ்சி. நூடில்ஸையும் சமையலறையில் பொடியாக வெட்டி, தடித்த குழம்பில் போட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். ஒரு விரலால் அதைத் தள்ளிவிட்டார்.

"இல்லை," என்றார். பிறகு, நெடுநேரம் தேடி, "நீளம்," என்றார்.

மகள் சீன மொழியில் கெஞ்சினார். அவர் தலையை ஆட்டினார். மகன் ஆங்கிலத்தில், எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, "ஒரே ஒரு இழைதானே. எண்பதாவது பிறந்தநாள். குடுத்தா என்ன?" என்றார். மாமி ஏதோ சொன்னார். பிறகு எல்லோரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

நான் அங்கே வேலைக்குப் போகவில்லை. விருந்தாளி. அதுவும் வாசலைப் பார்த்த கதிரையில் இருக்கிற விருந்தாளி. வீட்டின் மூத்தவர் தன் பிறந்தநாளில் ஆசைப்பட்டுக் கேட்பதை, அவர் உறவினர் முன்னால் வேண்டாம் என்று சொல்வது எந்த நாட்டு விதியிலும் வராது. ஆனால் அந்த நீளமும் வழுக்கலும் அவருடைய தொண்டையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வார்டில் பார்த்திருக்கிறேன். ஓம் என்று சொல்லிவிட்டு அந்த மேசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஏலாது.

கதிரையை அவர் பக்கம் திருப்பினேன். "அங்கிள், இது உங்களுக்கு இண்டைக்கு ஏலாது. உங்களுக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, கவலையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். இனி என்னை இந்த வீட்டார் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்த நிமிடம்தான் ஞாபகம் வரும் என்று நினைத்தேன்.

பெரியவர் பொதுக் குச்சிகளை எடுத்தார். மகள் சத்தமில்லாமல் தட்டைச் சுழற்றி நூடில்ஸ் பாத்திரத்தை அவருக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அவர் அதிலிருந்து ஒரு பிடியைத் தூக்கினார். இழைகள் தொங்கித் தொங்கி, அறாமல், என் கிண்ணத்துக்குள் இறங்கின. குச்சிகளை வைத்துவிட்டு, "நீ," என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் தின்றேன். கடிக்கக்கூடாது என்பதால் உறிஞ்ச வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது; சூடு என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தால் நல்லது. கடைசி இழை உள்ளே போனதும் பெரியவர் தள்ளிவைத்த கிண்ணத்தைத் தன்பக்கம் இழுத்தார். கரண்டியை எடுத்து, நாடியைத் தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்கி, வெட்டிய நூடில்ஸை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் பழையபடி பேசத் தொடங்கியதற்காக நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

சற்று நேரத்தில் மகன் எழும்பி என்னிடம் வந்தார். கையில் தேநீர்க் கோப்பை. நானும் எழும்பி என் கோப்பையை எடுத்தேன். முட்டும்போது அவர் தன் கோப்பையை என்னுடையதற்குக் கீழே இறக்கினார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் அவர். நான் என்னுடையதை இன்னும் கீழே கொண்டுபோனேன். அவர் அதற்கும் கீழே இறக்கினார். இப்படியே இரண்டு பேரும் குனிந்து குனிந்து, கோப்பைகள் மேசை விளிம்புக்கு வந்துவிட்டன. அங்கே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரியாச் சொன்னியள்," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நாங்கள் விடைபெற்றபோது மாடியில் வைத்தே கைகூப்பிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தோம். பெரியவர் விடவில்லை. ஊன்றுகோலோடு எழும்பி, லிஃப்டில் இறங்கி, மகளின் கைத்தாங்கலில் தெருவரை வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்களைச் சுற்றி ஒதுங்கிப் போனது. அவர் என் கணவரின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோது மகள் என்னை ஓரமாக அழைத்தார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். ஆஸ்பத்திரியில அந்த முதல் மூண்டு நாளும் அப்பா விழுங்க ஏலாமல் இருக்கேல்லை. விழுங்கிறேல்லை எண்டு முடிவெடுத்திருந்தவர். சாப்பிட ஏலாட்டி ஒரு சமையல்காரனுக்கு என்ன இருக்கு எண்டு நினைச்சிருப்பார். எனக்குத் தெரியும். டொக்டரிட்டச் சொல்லவும் எனக்குப் பயம்."

எனக்குத் தெரியாது. அந்தக் கரண்டியை நீட்டியபோது நான் நினைத்ததெல்லாம், இதுவும் சரிவரவில்லை என்றால் நாளைக்கே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான். அதை மகளிடம் சொன்னேன். "நான் அந்தக் கிழமை வேலையை விட இருந்தனான். உங்கட அப்பா வாயைத் திறந்தபடியால்தான் இண்டைக்கும் இந்த வேலையில இருக்கிறன்."

அவர் என் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல ஒருமுறை தொட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் புத்தகத்தில், பழைய நோயாளியின் குடும்பத்தோடு மதிய உணவு என்று ஒரு வரி எழுதினேன். அதற்குமேல் அந்தக் கட்டத்தில் இடம் இருக்கவில்லை.

விருந்துக்குப் பதில் விருந்து வைக்க வேண்டும் என்பது என் கணவரின் பிடிவாதம். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு அவர்களை வீட்டுக்கு அழைத்தோம். வெள்ளிக்கிழமை மகள் ரெலிபோன் எடுத்தார்.

"அப்பா கேக்கச் சொன்னவர். உங்கட வீட்டில எப்பிடி நடக்கவேணும்? என்னென்ன செய்யக்கூடாது?"

இத்தனை வருடம் வாழ்ந்த வீட்டின் விதிகளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, "வாசல்ல சப்பாத்தைக் கழட்டுவம். வேற ஒண்டுமில்லை," என்றேன்.

சொன்னது எவ்வளவு பிழை என்று மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. வலது காலை நிமிர்த்திப் பிடிக்க முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் அணை. அது சப்பாத்துக்குள் இறங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றினால் அவரால் நடக்க ஏலாது. அவரோ ஒற்றைக் கையால் வாரை இழுக்கத் தொடங்கிவிட்டார்.

"வேண்டாம் அங்கிள், அப்பிடியே வாங்கோ."

"இல்லை," என்றார். வாசற்படிக்கு உள்ளே எங்கள் சப்பாத்துகளும் செருப்புகளும் வரிசையாக இருந்ததைக் காட்டினார். நானும் மகளும் மாறி மாறிச் சொன்னோம். கேட்கவில்லை.

என் கணவர் குசினிக்குள் போனார். வரும்போது ஒரு வாளியில் வெந்நீரும் துணியும் இருந்தன. பெரியவரை மாடிப்படியின் இரண்டாவது படியில் மெதுவாக உட்கார வைத்தார். தான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவருடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். சப்பாத்தின் அடியைத் துணியால் துடைத்தார். இடுக்குகளில் ஒட்டியிருந்த சிறு கற்களைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்தார். காய்ந்த துணியால் ஒருமுறை ஒற்றினார். பிறகு இடது காலை எடுத்தார். சரிந்துவிடாமல் இருக்கப் பெரியவர் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப இது எங்கட நிலத்தைவிடத் துப்புரவு," என்றார் என் கணவர் தமிழில்.

பெரியவர் விளங்கியதுபோலத் தலையாட்டினார். இருவருமாக எழும்பினார்கள். துடைத்த சப்பாத்தோடு, கம்பளத்தின்மேல் ஒவ்வொரு அடியாக வைத்து, அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.